2147483647 என்ற எண்ணில் அப்படி என்ன விசேஷம்?

நிரல் எழுதுபவர்களுக்கு இது அடிக்கடி கண்ணில் படும் எண். கணினி ஒரு முழு எண்ணை எழுதிவைக்கும் 32 பிட்டில் (பிட் என்பது 0 அல்லது 1 நிற்கும் இடம்) ஒன்றைக் கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கிவிட்டால் மீதி 31. அத்தனையிலும் 1 போட்டால் வருவது 2147483647, அதாவது 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. பழைய கணினிகளில் 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணிவரும் கடிகாரம், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரப்படி காலை 8:44:07-க்கு இந்த எண்ணைத் தொடும். அடுத்த நொடிக்கு அதில் இடம் கிடையாது.

இது பலருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கு இந்த எண் மேல் தீராத பிரியம் வந்ததோ 18-ஆம் நூற்றாண்டுக் கணிதமேதை ஆய்லரால். இது பகா எண் என்பதை அவர் கணினி இல்லாத காலத்திலேயே நிறுவிவிட்டார்.

31 பகா எண் என்பதால் இதுவும் பகா எண்தான் என்று சொல்லிவிட முடியாது. 11-உம் பகா எண்தானே? ஆனால் 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்றைக் குறைத்தால் வரும் 2047, 23 × 89 என்று உடைந்துவிடுகிறது. ஆக, வகுத்துப் பார்த்தே ஆகவேண்டும். வர்க்கமூலம் 46340-ஐத் தாண்டி 46341-ஐ எட்டாததால், அதுவரை உள்ள பகா எண்கள் போதும். அவையே ஏறத்தாழ 4800!

ஆய்லர் அந்தக் கூட்டத்தை வடிகட்டிய விதம்தான் அழகு. இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 62-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். (2047-ஐப் பாருங்கள்: 23, 89 இரண்டுமே 22-ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை. 11-இன் இரட்டிப்பு 22, 31-இன் இரட்டிப்பு 62.) கூடவே, 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரவேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தரும் எண்கள் மட்டுமே மிஞ்சும்.

சரி, வரிசையாகப் போவோம். 63 பகா எண் இல்லை. 249, 3-இன் மடங்கு. 311 பகா எண், அதனால் வகுத்துப் பார்க்கவேண்டும். அப்புறம் 497, 559, 745, 807, 993, 1055, 1241 எல்லாமே உடைபவை. அடுத்த பகா எண் 1303. முதல் 213 பகா எண்களில் சோதிக்கவேண்டியவை இரண்டே இரண்டு! கடைசிவரை போனாலும் நூறைத் தொடாது.

இந்த முடிவை மூன்றாம் யோஹான் பெர்னூலி என்ற கணிதவியலாளருக்கு எழுதிய கடிதத்தில் ஆய்லர் சொன்னார். அது பெர்லின் அகாதெமியின் 1772-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அச்சானது. அந்தச் சமயத்தில் அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இன்னொன்று. இந்தப் பகா எண்ணை 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128. தன்னைத் தவிர்த்த வகுத்திகளையெல்லாம் கூட்டினால் அதே எண் திரும்ப வரும். 6, 28 போல இதுவும் நிறைவெண், வரிசையில் எட்டாவது.

இந்த வடிகட்டலை நீங்களே செய்து பார்க்க 8388607 நல்ல எண். 2-இன் 23-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 46-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் முதல் பகா எண் 47. முதல் முயற்சியிலேயே மீதியில்லாமல் வகுபடும்.