டிரெயிலுக்காகப் பென்டன்வில்லுக்குக் குடிபோகலாமா?

கேள்வி: டெக்ஸஸ் மாநிலத்தில் டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். எனக்கு வயது 38, ஐ.டி. வேலை, எச்-1பி வேலை விசா, கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஒப்புதலாகி இரண்டு வருடம் ஆகிறது. மனைவி எச்-4 இஏடி-யில் (எச்-1பி-யில் இருப்பவரின் துணைவருக்கான வேலை அனுமதி) பிளேனோவில் அக்கவுன்ட்ஸ் வேலை பார்க்கிறார். பிள்ளைகளுக்கு 9, 5 வயது. 2021-ல் குறைந்த வட்டியில் வாங்கிய வீடு இருக்கிறது. டிரெயில் என்கிற காட்டுப் பாதைகளில் மவுன்டன் பைக் ஓட்டுவதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். விடுமுறை கிடைத்தால் ஆர்கன்சாவில் இருக்கும் பென்டன்வில்லுக்குப் போய் ஓட்டிவிட்டு வருவேன். இப்போது அங்கேயே ஒரு கம்பெனியில் ஏறக்குறைய இதே சம்பளத்துக்கு வேலை கிடைத்திருக்கிறது. மனைவிக்கு அரை மனசுதான். சைக்கிளுக்காகக் குடும்பத்தோடு ஊர் மாறுவது சரியா? அங்கே குடியேறுபவர்களுக்கு 10,000 டாலரும் ஒரு சைக்கிளும் தருவதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 2020 இறுதியில் வடமேற்கு ஆர்கன்சாவில் அப்படி ஒரு திட்டம் தொடங்கியது உண்மைதான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்களைத் தங்கள் பக்கம் இழுக்க 10,000 டாலரும் ஒரு சைக்கிளும் கொடுத்தார்கள். அந்தத் திட்டம் முடிந்துவிட்டது. கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இனி பெரிய கேள்வி. சைக்கிளுக்காக ஊர் மாறுவதை விளையாட்டுத்தனமாக நான் பார்க்கவில்லை. வேலைக்காக மாறுகிறோம், பள்ளிக்கூடத்துக்காக மாறுகிறோம். உடம்பையும் மனசையும் நன்றாக வைத்திருக்கிற ஒன்றுக்காகவும் மாறலாம். ஆனால் விடுமுறையில் போய் ஓட்டிய நாட்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். விடுமுறையில் எந்த ஊரும் நல்ல ஊர்தான். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தை வைத்துப் பாருங்கள். ஐந்தரைக்கு லேப்டாப்பை மூடிவிட்டு, ஒரு மணி நேரம் டிரெயிலில் ஓட்டிவிட்டு, ஏழரைக்குப் பிள்ளைகளோடு சாப்பிட உட்கார முடியுமா? முடியும் என்றால் அந்த இடமாற்றம் உங்கள் வாழ்க்கையை உண்மையிலேயே மாற்றும். முடியாது என்றால், ஐந்து மணி நேர டிரைவை மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் ஒரு குடும்பத்தைப் பெயர்க்கத் தேவையில்லை.

இந்தக் கணக்கில் ஃபிரிஸ்கோ தோற்பதற்குக் காரணம் டிரெயில் இல்லாதது அல்ல. மெக்கின்னியில் எர்வின் பார்க், கிரேப்வைன் ஏரிக்கரையில் நார்த்ஷோர், கார்லண்ட் பக்கம் ரௌலட் கிரீக் எல்லாம் நல்ல டிரெயில்கள். டோர்பா என்ற டாலஸ் சைக்கிள் சங்கத்தின் தொண்டர்கள் கையால் வெட்டிப் பராமரிப்பவை. பிரச்சினை இரண்டு. எதற்கும் கார் எடுக்க வேண்டும். ஐந்தரை மணி டிராஃபிக்கில் அந்த ஒரு மணி நேரம் அங்கேயே கரைந்துவிடும். இரண்டாவது மண். அந்தப் பக்கம் பெரும்பாலும் நம் கோவில்பட்டிக் கரிசல் மாதிரியான களிமண். மழை பெய்தால் டயரிலும் ஃபோர்க்கிலும் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. ஈரத்தில் யாராவது ஓட்டிவிட்டால் அந்தத் தடம் காய்ந்து சிமென்ட் போல இறுகிவிடும். அதனால்தான் மழைக்குப் பிறகு டிரெயிலை மூடிவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு நல்ல மழை என்றால் அந்த வாரக் கடைசி போனது போனதுதான்.

பென்டன்வில்லில் இந்த இரண்டும் கிடையாது. ஓசார்க் மலைப்பகுதியின் மண்ணில் செர்ட் என்கிற கூரான கல் நிறையக் கலந்திருக்கும். தண்ணீர் சட்டென்று வடியும். மழை பெய்த மறுநாளே பெரும்பாலும் ஓட்டலாம். டிரெயிலும் ஊருக்கு உள்ளேயே இருக்கிறது. வால்மார்ட்டைத் தொடங்கிய சாம் வால்டன் 1950-ல் கடை திறந்த அந்தப் பழைய சதுக்கத்தில் இருந்து சைக்கிளில் ஏறினால் சில நிமிடங்களில் ஸ்லாட்டர் பென் டிரெயில்கள் வந்துவிடும். 2007-ல் தொடங்கிய இந்தப் பாதைகள், 2011-ல் திறந்த கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகத்தை ஒட்டியே காட்டுக்குள் போகின்றன. மேற்கே கோலர் டிரெயில்கள், அங்கே காட்டுக்கு நடுவில் இருக்கிற காபிக் கடைக்குக் காரில் போக முடியாது, நடந்தோ சைக்கிளிலோதான் போக வேண்டும். வடக்கே பெல்லா விஸ்டாவில் 20 மைலுக்கு மேல் நீளும் பேக் 40 சுற்று. சாம் வால்டனின் பேரன்கள் டாமும் ஸ்டூவர்ட்டும் இதில் காட்டிய ஆர்வமும், வால்டன் குடும்ப அறக்கட்டளையின் பணமும் இல்லாமல் இது நடந்திருக்காது.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். இது பெரிய மலை இல்லை. ஊரே கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,300 அடியில்தான் இருக்கிறது. ஏற்றமும் இறக்கமும் குட்டை குட்டையாக வரும். நீண்ட இறக்கம் வேண்டுமென்றால் கிழக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் காரில் போய் யுரேகா ஸ்பிரிங்ஸின் லேக் லெதர்வுட்டில் ஓட்ட வேண்டும். கொலராடோ மாதிரி ஒரு மணி நேரம் ஏறி, பாதி மலையை ஒரே மூச்சில் இறங்குவதுதான் உங்கள் கனவு என்றால், இரண்டாவது வருடம் பென்டன்வில் சலித்துவிடும். அதே சமயம், யூட்டாவின் மோவாபும் கனடாவின் ஸ்குவாமிஷும் டிரெயிலில் இதைவிடப் பல படி மேல் என்றாலும், உங்கள் வேலை அங்கே இல்லை. வேலையும் டிரெயிலும் ஒரே ஊரில் கிடைப்பது அபூர்வம். பென்டன்வில்லின் உண்மையான பலம் அதுதான்.

சரி, அந்த வேலைக்கு வருவோம். உங்கள் விஷயத்தில் சைக்கிளைவிட இதற்குத்தான் அதிக கவனம் வேண்டும்.

புதிய கம்பெனி எச்-1பி மாற்ற விண்ணப்பம் போடும். அது வழக்கமானது. கிரீன் கார்டு வேறு கதை. பெர்ம் (கிரீன் கார்டுக்கு முதல் படியான தொழிலாளர் துறைச் சான்று) என்பது அந்தக் கம்பெனிக்கும், அந்த வேலைக்கும், அந்த ஊருக்கும் உரியது. டாலஸ் வேலைக்குப் போட்ட பெர்ம் பென்டன்வில்லுக்கு உதவாது. புதிதாகப் பெர்ம், புதிதாக ஐ-140 போட வேண்டும். ஒப்புதலான பழைய ஐ-140-யின் பிரயாரிட்டி தேதி, அதாவது கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடம், மட்டும் உங்களோடு வரும். ஒப்புதலாகி 180 நாள் தாண்டிவிட்டதால், பழைய கம்பெனி அதைத் திரும்பப் பெற்றாலும் எச்-1பி நீட்டிப்புக்கோ மனைவியின் இஏடி-க்கோ பொதுவாக ஆபத்து இல்லை. கிரீன் கார்டு வேலையை எப்போது தொடங்குவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "சேர்ந்த பிறகு பார்க்கலாம்" என்ற பதிலோடு ஊர் மாறாதீர்கள். கையெழுத்துப் போடும் முன் உங்கள் சொந்தக் குடிவரவு வழக்கறிஞரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். கம்பெனி வழக்கறிஞர் கம்பெனிக்காகத்தான் பேசுவார்.

அடுத்தது, வேலை போனால் என்ன செய்வீர்கள் என்பது. எச்-1பி-யில் இருப்பவருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். டாலஸில் அந்த 60 நாளில் வீடு மாறாமலே வேறு வேலை தேடலாம். அத்தனை கம்பெனிகள் இருக்கின்றன. வடமேற்கு ஆர்கன்சாவில் பெரிய முதலாளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்: பென்டன்வில்லில் வால்மார்ட், ஸ்பிரிங்டேலில் டைசன் உணவு நிறுவனம், லோவெலில் ஜே.பி. ஹன்ட் போக்குவரத்து நிறுவனம். மற்றதில் பெரும்பகுதி, வால்மார்ட்டுக்குச் சரக்கு விற்கும் நிறுவனங்கள் அங்கே வைத்திருக்கும் அலுவலகங்கள். வால்மார்ட் இருமினால் ஊருக்கே காய்ச்சல் வரும். அதனால் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

உங்கள் மனைவியின் அரை மனசு என் கண்ணில் தடையாகத் தெரியவில்லை. அவர் கேட்காமல் கேட்கும் கேள்வி ஒன்று அதற்குள் இருக்கிறது: "உங்களுக்கு அங்கே டிரெயில் இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது?" இதற்குப் பதில் சொல்லாமல் நகரக் கூடாது. எச்-4 இஏடி எந்த ஊரோடும் எந்தக் கம்பெனியோடும் கட்டுப்பட்டதல்ல. அக்கவுன்ட்ஸ் அனுபவத்துக்கு வால்மார்ட்டுக்குச் சரக்கு விற்கும் அந்த நிறுவனங்களில் தேவை உண்டு. ஆனால் நீங்கள் சேர்ந்த பிறகு அவர் தேடுவது என்று வைக்காமல், இப்போதே அவர் நாலு இடத்தில் விண்ணப்பிக்கட்டும். வருகிற பதிலே நிலவரத்தைச் சொல்லிவிடும். வால்மார்ட்டில் நம்மவர்கள் நிறைய இருப்பதால் இந்திய மளிகைக் கடையும் கோயிலும் கிரிக்கெட்டும் உண்டு. ஆனால் ஃபிரிஸ்கோவில் இருப்பதுபோல் தெருவுக்கு ஒரு தோசைக் கடையை எதிர்பார்க்க முடியாது. பாட்டு வகுப்பு, நடன வகுப்பு, தமிழ்ப் பள்ளி என்று பிள்ளைகள் இப்போது போய்க்கொண்டிருந்தால், அங்கே அதற்கு யார் இருக்கிறார்கள் என்று பெயரோடு விசாரியுங்கள். சென்னையில் இருந்து பெற்றோர் வந்தால், அங்கிருக்கும் சிறிய விமான நிலையத்துக்கு டாலஸ், சிகாகோ போன்ற ஊரில் இறங்கி மாறித்தான் வர வேண்டும். எழுபது வயது அம்மாவுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பணத்தில், "இதே சம்பளம்" என்பது இதே சம்பளம் அல்ல. டெக்ஸஸில் மாநில வருமான வரி கிடையாது. ஆர்கன்சாவில் உண்டு, 2024-ல் உச்ச விகிதம் 3.9 சதவீதமாக இருந்தது. 1,40,000 டாலர் சம்பளம் என்று வைத்தால் வருடத்துக்குச் சுமார் 5,000 டாலர் அதில் போகும். கார்களுக்கும் வருடா வருடம் சொத்து வரி உண்டு. வீட்டு வரி டெக்ஸஸைவிடக் குறைவு, அதில் கொஞ்சம் திரும்பி வரும். பெரிய அடி வட்டியில்தான். 2021 வட்டியை விட்டுவிட்டு இன்று புதுக் கடன் வாங்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வட்டி கட்ட வேண்டியிருக்கும். பென்டன்வில்லில் வீட்டு விலையும் முன்போல இல்லை, நன்றாக ஏறிவிட்டது. ஆகவே முதல் வருடம் வாடகை. ஃபிரிஸ்கோ வீட்டை விற்காமல் வாடகைக்கு விடுங்கள். நீங்களே குடியிருப்பதற்காகக் கிடைக்கும் ஹோம்ஸ்டெட் வரிச் சலுகை போய்விடும் என்பதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாடகை வீட்டை எங்கே பார்ப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேற்கே சென்டர்டனில் புதிய வீடுகள், விலையும் பரவாயில்லை. ஆனால் அங்கிருந்து நல்ல டிரெயிலுக்குப் பெரும்பாலும் சைக்கிளைக் காரில் மாட்டித்தான் போக வேண்டும். அப்புறம் ஃபிரிஸ்கோவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பெல்லா விஸ்டாவில் டிரெயில் வீட்டுக்குப் பின்னாலேயே ஓடும். ஆனால் பால் வாங்கக்கூடக் கார் வேண்டும். சின்ன வீடானாலும் டவுன்டவுன் பக்கமோ ரேஸர்பேக் கிரீன்வேயை ஒட்டியோ பாருங்கள். பெல்லா விஸ்டாவில் இருந்து ஃபேயட்வில் வரை சுமார் 40 மைல் போகிற அந்தத் தார்ப்பாதையில் உங்கள் ஒன்பது வயதுப் பிள்ளையும் பெரும்பாலும் கார் பயமில்லாமல் ஓட்டலாம். வீட்டில் ஒருவர் மட்டும் ஓட்டுவதற்கும் எல்லோரும் ஓட்டுவதற்கும் இருக்கிற தூரம் பெரியது. உங்கள் மனைவியின் மீதி அரை மனசு அங்கே மாறலாம்.

காட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை உண்ணித் தொல்லை உண்டு. லோன் ஸ்டார் என்ற வகையில் பெண் உண்ணியின் முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அது கடித்த சிலருக்கு ஆல்ஃபா-கால் என்ற ஒவ்வாமை வருகிறது. ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடிப்பு, சிலருக்கு மூச்சுத்திணறல்கூட வரும். சாக்ஸிலும் ஷூவிலும் பெர்மெத்ரின் என்ற பூச்சி மருந்தை அடித்துக் காயவையுங்கள். ஓட்டி வந்ததும் முழங்காலுக்குப் பின்னால், இடுப்புப் பட்டி, அக்குள் மூன்றையும் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். நசுக்கவோ, எண்ணெய் ஊற்றவோ வேண்டாம். பிள்ளைகளுக்கும் இதே பழக்கம் வரட்டும். டொர்னாடோ என்கிற சூறாவளி உங்களுக்குப் புதிதல்ல. 2024 மே 26 அதிகாலையில் பக்கத்து ஊரான ராஜர்ஸ் பகுதி நன்றாக அடிபட்டது. பார்க்கிற வீட்டில் ஒதுங்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பதில் சொல்ல அந்தக் கம்பெனியிடம் இரண்டு மூன்று வாரம் அவகாசம் கேளுங்கள். அதற்குள் ஒரு வாரம் நாலு பேருமாகப் போய் வாடகை வீட்டில் தங்குங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை. அக்டோபரில் ஊர் அழகாகத்தான் இருக்கும். புழுக்கமான ஜூலையிலோ, ஐந்து மணிக்கே இருட்டுகிற டிசம்பரிலோ போக முடிந்தால் இன்னும் நல்லது. பகலில் அங்கிருந்தே வேலை பாருங்கள், சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டுங்கள். ஒரு நாள் நீங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, உங்கள் மனைவி தனியாக ஊரைச் சுற்றி வரட்டும். வாரக் கடைசியில் அவரிடம் முதலில் கேளுங்கள், உங்கள் கருத்தை அப்புறம் சொல்லுங்கள்.

விசா, பெர்ம் இரண்டும் எழுத்தில் வந்து, அவருக்கும் வேலைக்கான வழி தெரிந்தால், நான் போகச் சொல்வேன். பெர்ம் பற்றி எழுத்தில் தர மறுத்தால் வேண்டாம். அப்போதும் ஒரு வழி இருக்கிறது: எர்வின் பார்க்குக்கோ நார்த்ஷோருக்கோ சைக்கிளிலேயே போகும் தூரத்தில் வீடு மாறுங்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

போவதென்று முடிவானால் புது சைக்கிள் வாங்க அவசரப்படாதீர்கள். இப்போது இருப்பது ஹார்ட்டெயிலாக (பின்சக்கரத்துக்குச் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிள்) இருந்தாலும் ஸ்லாட்டர் பென்னுக்கும் கோலரில் பாதிக்கும் அது போதும். டயரை மட்டும் மாற்றுங்கள். செர்ட் கல் டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும், டயருக்குள் ஊற்றும் சீலன்ட் பசை அதை அடைக்காது. பக்கச் சுவர் தடிமனான டயராகப் போட்டு, பையில் ஒரு ட்யூபும் வைத்துக்கொள்ளுங்கள்.