மலையகத்தில் ஆஸ்பத்திரியில் டொக்டரும் மருந்தும் இல்லாவிட்டால் யாரைக் கேட்பது? கேட்டுப் பயன் உண்டா?

கேள்வியில் இரண்டு பாதி இருக்கிறது. யாரைக் கேட்பது என்ற முதல் பாதிக்குத்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது. மலையகத்தில் பெரும்பாலானவர்களின் கேள்வி தவறான வாசலில் போய் நின்று அங்கேயே செத்துப்போகிறது.

தலவாக்கலை டவுனில் எனக்கு ஒரு சின்ன கொமினிகேஷன் கடை. போட்டோகொப்பி, டைப்பிங், ஒன்லைன் விண்ணப்பம். கூடவே மனு எழுதித் தரும் வேலையும் தானாக வந்து சேர்ந்துகொண்டது. வருகிற மனுக்களில் பாதிக்கு மேல் ஒரே அச்சு. "மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு" என்று தொடங்கும். கீழே ஜனாதிபதி, பாராளுமன்ற உறுப்பினர், தொழிற்சங்கத் தலைவர் என்று ஏழெட்டுப் பேருக்குப் பிரதி போகும். உள்ளே, "எமது ஆஸ்பத்திரியில் எந்த வசதியும் இல்லை, ஆவன செய்யவும்." அவ்வளவுதான். பிரதி கிடைத்த ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று வைத்துவிடுவார்கள். அமைச்சின் முத்திரையோடு "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்று ஒரு கடிதம் வந்தால் அதை லெமினேட் செய்து வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. லெமினேட் செய்த காசு எனக்கு, வேறு யாருக்கும் அதில் லாபம் இல்லை.

சரி, யாரைக் கேட்பது? முதலில் அந்தக் கட்டடம் யாருடையது என்று பார்க்க வேண்டும்.

நம் பக்கத்தில் இது லேசான விஷயம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத் தொழிலாளியின் வைத்தியம் துரைமாரின் கடமை. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் அப்படித்தான் வைத்தது. 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீக்கப்பட்டு நாட்டுக்கே இலவச வைத்தியம் வந்தபோதும், தோட்டத்துக்குள் வைத்தியம் தோட்டத்து விஷயமாகவே நின்றது. அதற்கு மூன்று வருடம் முன்புதான், 1948இல், நம் ஆட்களின், அதாவது இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரின், குடியுரிமையைப் பறித்திருந்தார்கள். வாக்கு இல்லாதவனுக்காக யார் போய்ப் பேசுவது? பிறகு 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் மறுபடி பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. இதற்கு நடுவில் தோட்ட ஆஸ்பத்திரிகளை ஒவ்வொன்றாக அரசு பொறுப்பேற்கும் வேலை தொடங்கி, பாதி வழியிலேயே நிற்கிறது. அதனால் ஒரு தோட்டத்தில் இருக்கும் டிஸ்பென்சரி கம்பனியுடையதாக இருக்கும், அடுத்த தோட்டத்தில் இருப்பது மாகாண சபைக்குப் போயிருக்கும். வெளியில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே தகரக் கூரை, ஒரே பச்சைப் பெயின்ட்.

கம்பனி டிஸ்பென்சரியில் இருப்பவர் தோட்ட வைத்திய உதவியாளர். நாம் எல்லோரும் "டொக்டர் ஐயா" என்றுதான் கூப்பிடுவோம், ஆனால் அவர் எம்.பி.பி.எஸ் முடித்த டொக்டர் இல்லை. கம்பனியின் சம்பளக்காரர். அவர் இல்லை, மருந்து இல்லை என்று சுகாதார அமைச்சுக்கு எழுதினால் "எமது நிறுவனம் அல்ல" என்ற ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், அது சரியும்கூட. அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தத் தோட்டத்தில் கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் பார்க்கும் பொறுப்பு அந்தப் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்துக்கு, அதாவது நாம் சொல்கிற எம்.ஓ.எச் ஒபிசுக்கு உண்டு. எங்கள் டிவிசனுக்கு (தோட்டப் பிரிவுக்கு) குடும்பநல உத்தியோகத்தர், அதாவது மருத்துவிச்சி, நியமிக்கப்பட்டிருக்கிறாரா, இடம் காலியாக இருக்கிறதா, காலி என்றால் எப்போதிலிருந்து என்று அவர்களிடம் கேட்கலாம். சும்மா கேட்பதற்காகக் கேட்கும் கேள்வி இல்லை இது. 2016ஆம் ஆண்டு நாடளாவிய குடித்தொகை சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17.3 வீதம், தோட்டப்புறத்தில் 31.7 வீதம். அந்த வித்தியாசம் பெரிய ஆஸ்பத்திரியில் உண்டானது இல்லை. பிள்ளையை நிறுத்துப் பார்க்க ஆள் வராத லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், உண்டானது.

இனி அரசாங்க ஆஸ்பத்திரி. கம்பனியுடையது இல்லை என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி: மத்திய அரசா, மாகாணமா? 1987இல் மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு சுகாதாரத்தின் பெரும்பகுதி மாகாணத்துக்குப் போனது. நுவரெலியா மாவட்ட பொது வைத்தியசாலை போன்ற பெரியவை கொழும்பு அமைச்சின் கையில் இருக்கின்றன. தோட்டத்து ஆட்கள் முதலில் போய் நிற்கும் பிரதேச வைத்தியசாலைகளும் சின்ன மருத்துவப் பிரிவுகளும் மாகாணத்தின் கீழே. மாவட்டத்தில் அவற்றுக்குத் தலைவர் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். நூற்றுக்குத் தொண்ணூறு மனுக்கள் அமைச்சருக்குப் போகாமல் இவருக்குப் போயிருக்க வேண்டியவை என்பேன்.

ஆனால் அவரிடமும் எல்லாம் இல்லை, இங்கேதான் சிக்கல். கட்டடம் மாகாணத்துடையது. டொக்டரை நியமிப்பதும் இடமாற்றுவதும் கொழும்பு. மருந்து வாங்குவது அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம், பகிர்ந்து அனுப்புவது மத்திய மருத்துவ வழங்கல் பிரிவு, அதைப் பிராந்தியக் களஞ்சியத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்குவது பணிப்பாளரின் ஆட்கள். டொக்டர் இல்லையா என்று கேட்டால் பணிப்பாளர் கொழும்பைக் காட்டுவார். மருந்து இல்லையா என்று கொழும்பைக் கேட்டால் "மாவட்டத்துக்கு அனுப்பியாயிற்று" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அதனால்தான் யாரும் பொய் சொல்லாமலேயே ஒருவரும் பொறுப்பில்லாமல் இருக்க முடிகிறது.

அரசியல் பக்கம் இன்னும் மோசம். மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. தோட்டங்கள் உள்ள மற்ற மாகாணங்களில், ஊவாவில் 2019. சப்ரகமுவவில் 2017. அதற்குப் பிறகு தேர்தல் வைக்கவில்லை, ஆளுநர்தான் நடத்துகிறார். அதாவது நம் பக்கத்துப் பிரதேச வைத்தியசாலைக்குப் பொறுப்பான மாகாண சுகாதார அமைச்சர் என்று ஒருவர் இல்லை. வாக்குக் கேட்டு வந்தால் கேள்வி கேட்கலாம், வாக்கே கேட்க வேண்டாதவரிடம் என்ன கேட்பது? 13ஆவது திருத்தம் என்றால் வடக்கு கிழக்குப் பிரச்சினை என்று மலையகத்தில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். தேர்தல் நடக்காததால் நம் ஆஸ்பத்திரிகளும்தான் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

ரோட்டையும் இதோடு சேர்க்க வேண்டும். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வருகிறது, காசு இல்லை. இந்திய உதவியில் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி நாடு முழுக்க வந்த சேவை. என் கணிப்பில் கடந்த பத்து வருடத்தில் மலையகத்துக்குக் கிடைத்த ஆக நல்ல விஷயம் அதுதான். ஆனால் வண்டி தார் ரோட்டில் நிற்கும். மேல் டிவிசனிலிருந்து வயிற்றுவலிக்காரியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியது நாம். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தும் வரைக்கும் தோட்டத்து ரோட்டுக்குப் பிரதேச சபை பணம் செலவழிக்கச் சட்டத்தில் இடம் இருக்கவில்லை. இப்போது இடம் இருக்கிறது. அப்படியானால் ஆஸ்பத்திரி மனுவில் ரோட்டைப் போட்டுக் குழப்பாமல், ரோட்டுக்குத் தனியாகப் பிரதேச சபைக்கு எழுத வேண்டும்.

இப்போது எப்படிக் கேட்பது. என் அனுபவத்தில் வேலை செய்கிற ஆயுதம் ஒன்றுதான்: தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில். மனு என்பது கெஞ்சல், பதில் தராவிட்டால் ஒன்றும் ஆகாது. தகவல் கோரிக்கைக்குப் பதில் தந்தே ஆக வேண்டும்.

பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர் மாமியாரின் கிளினிக் கொப்பியோடு கடைக்கு வந்தார். சீனி வருத்தமும் பிரஷரும். உள்ளே மடித்து வைத்த துண்டுகள் ஒரு கட்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு மருந்தைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. வட்டம் போட்டதை வெளியே பாமசியில் வாங்க வேண்டும். "தம்பி, கிளினிக்குக்கு போற அன்னைக்கு எனக்கு பேர் இல்ல. வர்ற வழியில பாமசிக்கும் குடுக்கணும். அமைச்சருக்கு நல்லா சூடா ஒன்னு எழுதித் தாங்க" என்றார். தோட்டத்தில் பேர் இல்லை என்றால் அன்றைய சம்பளம் இல்லை. "அமைச்சர் வேண்டாம் அக்கா, சூடும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, துண்டுகளைத் திகதி வாரியாக மேசையில் அடுக்கினோம். அடுக்கிப் பார்த்தபோதுதான் வட்டம் போட்டது எப்போதும் அதே இரண்டு மருந்து என்று தெரிந்தது. எழுதியது நாலே கேள்வி. இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை இந்த இரண்டு மருந்தும் ஆஸ்பத்திரியின் கையிருப்பில் எத்தனை இருந்தது? ஆஸ்பத்திரி எப்போது எவ்வளவு கேட்டு அனுப்பியது? களஞ்சியத்திலிருந்து எப்போது எவ்வளவு வந்தது? கையிருப்பு தீர்ந்தபோது உள்ளூரில் வாங்க நடவடிக்கை எடுத்தீர்களா?

வந்த பதிலில் பார்த்தால், ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டு அனுப்பிய அளவே பழைய நோயாளர் எண்ணிக்கையை வைத்துப் போட்டது. கிளினிக்குக்கு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள், கேட்கும் அளவு கூடவில்லை. மாத நடுவில் தீர்ந்துபோகிறது. நாட்டில் மருந்து இல்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். 2022 பொருளாதார நெருக்கடியில் அது உண்மையாகவும் இருந்தது. ஆனால் இந்த விஷயத்தில் தடை கொழும்பில் இல்லை, ஒரு படிவத்தில் இருந்தது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவில் இருக்கிற கோயில் தலைவரிடம் அக்கா போனார். அடுத்த காலாண்டில் ஒரு மருந்து ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியது. மற்றதுக்கு இன்னமும் வட்டம்தான்.

நடைமுறை இதுதான். கோரிக்கைக்குக் கட்டணம் கிடையாது. ஏன் கேட்கிறாய் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். உயிரோடு சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலம். பதில் வராவிட்டால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் இருக்கும் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஆணைக்குழுவரை போகும் என்று தெரிந்தாலே பல ஒபிசுகளில் கோப்பு நகர்ந்துவிடும்.

தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை இடம் தருகிறது. சிங்களத்தில் பதில் வந்தால் மொழிபெயர்ப்புக் கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து வாசிப்பித்துக்கொள்வது நம் பழக்கம். அந்தப் பழக்கத்தால்தான் மொழிபெயர்ப்பாளர் இடங்கள் நிரப்பப்படாமலே கிடக்கின்றன என்பது என் சந்தேகம்.

ஆஸ்பத்திரியில் உயிர்ச்சேதம், அவமதிப்பு, தோட்டத்து ஆள் என்பதற்காகப் பாகுபாடு என்று நடந்தால் அது வேறு வழி. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கண்டியிலும் பதுளையிலும் காரியாலயம் இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள். ஆனால் ஒரு மாதத்தைத் தவறவிடாதீர்கள். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலத்தை அந்தத் தவணையில் சேர்க்க மாட்டார்கள். முப்பத்தோராம் நாள் காரியம் முடித்துவிட்டு வருகிறவர்களிடம் இதைச் சொல்வது போலக் கஷ்டமான வேலை என் கடையில் வேறில்லை.

பயன் உண்டா என்ற இரண்டாம் பாதி. மேல்மட்டத்தில் சில சமயம் உண்டு. இம்யூனோகுளோபுலின் என்ற ஊசி மருந்தைத் தரமற்றதாகக் கொள்வனவு செய்த விவகாரத்தில், சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்லவே 2024 பெப்ரவரியில் கைதானார். ஆனால் அதனால் நம் பிரதேச வைத்தியசாலைக்கு ஒரு மாத்திரை கூடுதலாக வந்துவிடவில்லை. கீழ்மட்டத்தில் பயன் சின்னதாக, மெதுவாக, பாதியாகக் கிடைக்கும். டொக்டர் இல்லாத இடத்துக்கு டொக்டரைக் கொண்டுவர ஒரு காகிதத்தால் முடியாது. நிரந்தர டொக்டர் பெயருக்கு இருந்துகொண்டு தற்காலிக இணைப்பில் வேறு இடத்தில் வேலை செய்கிறார் என்றால், அதை வெளியே கொண்டுவர முடியும்.

எழுதுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கிளினிக் துண்டு, வெளியே வாங்கிய மருந்து பில், டொக்டர் இல்லை என்று திருப்பி அனுப்பிய நாள், எல்லாவற்றையும் அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். ஒரு லயத்தில் நாலைந்து குடும்பம் சேர்ந்து இதைச் செய்தால் கேள்வி தானாகவே எழுதி முடிந்திருக்கும், டைப் பண்ணுவது மட்டும்தான் பாக்கி.