பால்மரத்துப் படையும் நம் ஊர்க் காற்றும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் சுங்கை சிப்புட்டில் சாலையோர மரங்களைப் பார்த்துக் காற்றின் தூய்மையைக் கணிக்கலாம் என்று நான் சொன்னதிலிருந்து பலரும் கேள்வி அனுப்புகிறார்கள். உயிரியல் சொல்லிக்கொடுத்த ஆசிரியை என்ற முறையில், ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பதில் எழுதுகிறேன்.

தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவன், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவன் நான். மரத்தில் வெள்ளையும் சாம்பலுமாகப் படை படர்ந்திருக்கும். அது நோய்தானே, டீச்சர்?

நோய் இல்லை, ஐயா. அதன் பெயர் லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் உயிர். பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் லைக்கன்தான். அது மரத்தை உறிஞ்சி வாழ்வதில்லை, பட்டையில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு வேரும் இல்லை, இலைக்கு இருப்பது போன்ற மெழுகுப் பூச்சும் இல்லை. காற்றிலும் மழையிலும் வருவதை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும். கந்தக டைஆக்சைடு என்ற புகைவாயு கூடினால் தாங்காத இனங்கள் முதலில் மறைந்துவிடும். பாரிஸ் நகரின் மற்ற இடங்களில் காணாத லைக்கன்கள் லக்சம்பர்க் பூங்காவில் மட்டும் இருப்பதை நைலாண்டர் என்ற அறிஞர் 1866லேயே கவனித்து எழுதினார்.

ஒன்று உங்களுக்கே தெரியும்: வெட்டுப்பட்ட பக்கத்தில் இருப்பது புதுப்பட்டை. அங்கே லைக்கன் இல்லையென்றால் காற்றைக் குறை சொல்ல முடியாது. வெட்டுக்கு மேலே பாருங்கள்.

எங்கள் வீட்டு மாமரம் முழுக்க லைக்கன். அப்படியானால் காற்று சுத்தம்தானே?

அவசரப்படாதீர்கள். டிரினாரியா பிக்டா என்ற சாம்பல் நிற இனம் நகரத்துப் புகையையும் தாங்கி வளரும். எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எத்தனை வகை இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒட்டிய படை, இலை போல விரிந்தது, தாடி போலத் தொங்குவது என்று பிரித்தாலே போதும். நிழலும் ஈரமும்கூட லைக்கனை மாற்றும் என்பதால் ஒரே வெளிச்சத்தில் நிற்கும் மரங்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளோடு செய்ய, செலவில்லாத வழி ஏதாவது உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். லோரி ஓடும் ஈப்போ சாலையோரம் ஒரு மாமரம், தமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) உள்ளே ஒரு மாமரம் தேர்ந்தெடுங்கள். மரவகை மாறக்கூடாது, ஏனென்றால் சொரசொரப்பான இலை அதிகத் தூசியைப் பிடிக்கும். பிள்ளைகள் மூச்சு விடும் உயரத்தில் முதிர்ந்த இலையாக ஐந்து ஐந்து எடுத்து, மேற்பக்கத்தில் தெளிவான ஒட்டு நாடாவை அழுத்தி உரித்து, வெள்ளைத்தாளில் ஒட்டி, எந்த மரத்து நாடா அதிகம் கறுத்திருக்கிறது என்று ஒப்பிடுங்கள். கடைசியாக மழை பெய்த தேதியை மறக்காமல் எழுதுங்கள். நம் ஊர் மழை எல்லாவற்றையும் கழுவிவிடும். அதனால் நாலைந்து நாள் வெயிலுக்குப் பிறகு, இரண்டு மரத்திலும் ஒரே நாளில் எடுங்கள். மாதாமாதம் செய்தால் அந்தத் தாள்களே ஊரின் ஏடாகிவிடும்.

இதையெல்லாம் விஞ்ஞானிகள் மதிப்பார்களா?

மதிக்கிறார்கள், தம்பி. 2014இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகம் ஊர்மக்களிடம் ஸ்ட்ராபெர்ரிச் செடிகளைக் கொடுத்து ஜன்னலில் வைக்கச் சொன்னது. பிறகு இலைகளை வாங்கி, அவற்றின் காந்தத்தன்மையை அளந்தது. பிரேக் தேய்மானத்திலும் புகையிலும் வரும் இரும்புத்துகள் இலையில் படிவதால் அது சாத்தியமாகிறது. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் மரத்தில் பச்சை மெத்தை போல வளரும் பாசியின் (moss, லைக்கனில் உள்ள பாசி வேறு) 346 மாதிரிகளைச் சோதித்தபோது, வண்ணக் கண்ணாடித் தொழிற்கூடங்களுக்கு அருகில் காட்மியம் என்ற நச்சு உலோகம் கூடியிருப்பது தெரிந்தது. அதுவரை யாரும் அங்கே தேடவில்லை. அமெரிக்காவின் இன்னொரு நகரமான சியாட்டிலில் அந்தந்த வட்டார இளைஞர்களே பாசி சேகரித்தார்கள்.

புகைமூட்டம் வந்தால் மரத்தைப் பார்க்கலாமா?

வேண்டாம். லைக்கன் பல வருடக் கதையைத்தான் சொல்லும். அன்றைக்கு மலேசியாவின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை (API) பாருங்கள். 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்றது, 300ஐத் தாண்டினால் அபாயம். பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்.

பள்ளி வேலியோரம் மரம் நட்டால் தூசி குறையுமா, டீச்சர்?

ஓரளவுக்குக் குறையும். சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவே அடர்ந்த செடிவேலி நல்லது. குறுகலான தெருவில் குடை போல விரியும் மரம் மட்டும் வேண்டாம், புகை கீழேயே தங்கிவிடும். அப்புறம், பிள்ளையை ஏற்ற வரும் அப்பா அம்மாக்கள் வாசலில் காத்திருக்கும்போது எஞ்சினை அணைக்க வேண்டும். அதற்கு மரம் வளரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நாளைக்கே தொடங்கலாம்.