ஸ்பிரே குரோம்: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: அப்பா ஓட்டிய அம்பாசடர் இப்போது என்னிடம் இருக்கிறது. முன், பின் பம்பர் இரண்டிலும் குரோம் மங்கி, ஆங்காங்கே துருப் புள்ளிகள் வந்துவிட்டன. பிளேட்டிங் (மின்முலாம்) பட்டறையில் பல ஆயிரம் ஆகும் என்கிறார்கள். ஆன்லைனில் ‘மிரர் குரோம்’ ஸ்பிரே கேன் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நாலு கேன் வாங்கி நானே அடித்துவிடலாமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: பம்பருக்கு வேண்டாம். அந்தக் காசு வீண்தான். அதோடு, பின்னாளில் பிளேட்டிங் போடும்போது அந்த பெயிண்டை உரித்தெடுக்கிற கூலியும் சேரும்.

கேனுக்குள் குரோமியம் கிடையாது. நைசான அலுமினியத் துகளை ரெசினிலும் தின்னரிலும் கலந்த பெயிண்ட்தான் இருக்கிறது. அடித்தவுடன் துகள்கள் தட்டையாக மேலே மிதந்து படியும், அதனால்தான் மினுமினுப்பு. ஆனால் மேலே மிதப்பதாலேயே தொட்டால் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். சரி, கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்துப் பாதுகாக்கலாமே என்று தோன்றும். கிளியரில் இருக்கும் தின்னர், படுத்திருந்த துகள்களைக் கலைத்துவிடுகிறது. கண்ணாடி போல இருந்தது கண் முன்னாலேயே சாம்பல் பூத்த சில்வராகிவிடும். மினுக்கம் வேண்டுமென்றால் தொடக்கூடாது, தொட வேண்டுமென்றால் மினுக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். சாதாரண கேன் எதை வாங்கினாலும் இந்தச் சிக்கலிலிருந்து தப்ப முடியாது.

கடையில் இன்னொன்றையும் கவனியுங்கள். சில கேன்களின் மூடி முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும். உள்ளே இருக்கும் பெயிண்டை அந்த மூடியில் அடித்துக் காட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வெற்றிட அறையில் அலுமினிய ஆவியைப் படியவைத்துச் செய்கிற பிளாஸ்டிக் மூடி அது. உள்ளே இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

உங்கள் ஊரில் உப்புக் காற்று வேறு. துருவின் மேல் அடித்த பெயிண்டுக்குக் கீழே துரு தன் வேலையை நிறுத்தாது. சில மாதங்களில் கொப்பளம் கொப்பளமாக எழும்பி, பெயிண்ட் செதில் செதிலாக உதிரும்.

முதலில் செலவே இல்லாத ஒரு வேலையைச் செய்து பாருங்கள். சமையலறை அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, துருப் புள்ளியின் மேல் லேசாகத் தேயுங்கள். அழுத்தத் தேவையில்லை. குரோம் அலுமினியத்தைவிடப் பல மடங்கு கடினமானது, அதனால் பொதுவாகக் கீறல் விழாது. பழுப்புச் சேறு மாதிரி துரு கரைந்து வரும். துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கார் வாக்ஸ் போடுங்கள். பத்தடி தூரத்தில் பார்த்தால் போதும் என்கிற பம்பர்கள் பல இதிலேயே தேறிவிடும். மிச்சம் தெரிவது ஊசி முனை அளவுப் புள்ளிகள் மட்டும்தான் என்றால், மாதம் ஒருமுறை வாக்ஸ் போட்டு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நகத்தில் தடுக்கும்படி குரோம் உரிந்திருந்தாலோ, உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு தெரிந்தாலோதான் பிளேட்டிங் தேவை.

இப்போதைக்குப் பணம் இல்லையா? பம்பரைக் கழற்றி, துருவைச் சுரண்டி, எபாக்ஸி பிரைமர் போட்டு, சக்கரத்துக்கு அடிக்கிற சில்வர் பெயிண்டை ஒரு நல்ல பெயிண்டரிடம் அடித்துக்கொள்ளுங்கள். குரோம் மாதிரி இருக்காது, ஆனால் இரும்பு பிழைத்துக்கொள்ளும். பள்ளத்தை நிரப்பும் பட்டி மட்டும் தடவ விடாதீர்கள். பட்டியில் மின்சாரம் பாயாது, மின்சாரம் பாயாத இடத்தில் பிளேட்டிங் ஏறாது. பின்னால் அத்தனை பட்டியையும் சுரண்டி எடுக்க வேண்டிவரும்.

கேள்வி: ஒரே பம்பருக்கு ஒரு பட்டறையில் ஒரு ரேட், இன்னொரு பட்டறையில் அதில் பாதி. இரண்டு பேரும் ‘ஃபர்ஸ்ட் கிளாஸ் குரோம்’ என்றுதான் சொல்கிறார்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது? (கோவை வாசகர்)

பதில்: குரோம் பிளேட்டிங் என்று நாம் சொல்வதில் குரோமின் பங்கு மிகக் குறைவு. மேலே இருக்கும் குரோம் படலம் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பாதிகூட இருக்காது. தொட்டியில் சில நிமிடம் முக்கினாலே அது ஏறிவிடும். பளபளப்பைத் தருவதும் துருவைத் தடுப்பதும் அதற்குக் கீழே இருக்கும் நிக்கல்தான். நிக்கலுக்குக் கீழே செம்பு. குரோமின் வேலை நிக்கல் மங்காமல், கீறல் விழாமல் காப்பது.

முழு வேலையும் செய்தால் இப்படி நடக்கும்: பழைய குரோமையும் நிக்கலையும் அமிலத்திலோ மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தோ கழற்றுவார்கள். ஒடுக்கெடுப்பார்கள். துருவில் ஓட்டை விழுந்திருந்தால் பித்தளை ஊற்றியோ வெல்டு வைத்தோ அரத்தால் சமன் செய்வார்கள். அப்புறம் பஃபிங், அதாவது சுழலும் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுவது. செம்பு ஏற்றி மறுபடி பஃபிங். அதற்குப் பிறகு நிக்கல், கடைசியாகக் குரோம். நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பகுதி பஃபிங் சக்கரத்தின் முன் நிற்கிறவரின் உழைப்புக்குத்தான் போகிறது. அடியில் இருக்கும் ஒவ்வொரு கீறலையும் குரோம் அப்படியே காட்டிக்கொடுக்கும். எதையும் மூடி மறைக்காது.

பாதி ரேட்டுக்கு எங்கே கை வைப்பார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும். செம்பைத் தவிர்ப்பார்கள், பஃபிங்கைக் குறைப்பார்கள், நிக்கலை மெல்லிசாகப் போடுவார்கள். வாங்கிப் போகும் அன்றைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னும். வித்தியாசம் அடுத்த மழைக்காலத்தில் தெரியும்.

அதனால் ரேட் கேட்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பழைய பிளேட்டிங்கை முழுசாகக் கழற்றுவீர்களா? செம்பு போடுவீர்களா? நிக்கல் எத்தனை மைக்ரான்? வெயிலிலும் மழையிலும் நிற்கிற பொருளுக்கு 20 மைக்ரானுக்குக் குறையாமல் நிக்கல் வேண்டும். இந்த வேலைக்கென்று ஐ.எஸ். 1068 என்ற இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது. அதன் பெயரைச் சொன்னதும் பட்டறைக்காரர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். பம்பரின் உள்பக்கத்துக்கு என்ன பூச்சு என்றும் கேளுங்கள். பல பம்பர்கள் அங்கிருந்துதான் துருப்பிடிக்கத் தொடங்குகின்றன.

இரண்டு பம்பரையும் ஒரே பட்டறையில், ஒரே சமயத்தில் கொடுங்கள். குரோமிலும் நிற வேறுபாடு உண்டு. பழைய முறையில் பயன்படுத்துவது ஆறு இணைதிறன் (ஹெக்ஸாவேலன்ட்) என்ற வகைக் குரோமியம். அதன் ஆவி நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று உறுதியானது. கலிஃபோர்னியாவில் அலங்காரப் பூச்சுக்கு அதை 2027 முதல் தடை செய்திருக்கிறார்கள். அதற்கு மாற்றாக வரும் மூன்று இணைதிறன் குரோமின் நிறம் ஒரு பொடி மாறியிருக்கும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை மூடிப் பல வருடங்கள் ஆன பின்னும், அங்கே குவித்துவிட்டுப் போன கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டிருந்ததை நாம் பார்த்தோம். கழிவுநீரை முறையாகச் சுத்திகரிக்கிற பட்டறை கொஞ்சம் அதிகம் கேட்டால், அந்தக் காசைக் கொடுப்பதுதான் சரி என்பது என் கருத்து.

கேள்வி: என் காரின் முன் கிரில் பிளாஸ்டிக். அதிலிருக்கும் குரோம் தோல் மாதிரி உரிகிறது. இதற்காவது ஸ்பிரே சரிப்படுமா? (சேலம் வாசகர்)

பதில்: சரிப்படும். கேன் குரோமுக்கு ஏற்ற இடம் இதுதான்: துருப்பிடிக்காத பிளாஸ்டிக், கை அதிகம் படாத இடம். ஆனாலும் முதலில் புது கிரில் விலையை விசாரியுங்கள். சென்னைப் பக்கம் வந்தால் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கேட்டுப் பாருங்கள். அதிகம் விற்ற மாடலாக இருந்தால், பிரைமர், கறுப்பு பெயிண்ட், குரோம் கேன், எமரி என்று நீங்கள் போடும் கணக்குக்குப் பக்கத்திலேயே புது கிரில் வந்துவிடும்.

அடிப்பதென்றே முடிவு செய்தால், உரிந்த குரோமின் விளிம்பு முழுவதையும் எடுத்துவிடுங்கள். அந்த விளிம்பு பிளேடு மாதிரி விரலை வெட்டும், கையுறை கட்டாயம். வாட்டர் பேப்பரில் (எமரித் தாள்) 400-ஆம் நம்பரில் தொடங்கி 1500 வரை தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர் போட்டு, அதன் மேல் பளபளக்கும் கறுப்பு அடியுங்கள். அந்தக் கறுப்பை ஒரு நாளாவது காயவிடுங்கள். அதில் உங்கள் முகம் தெளிவாகத் தெரிந்தால்தான் மேலே குரோம் குரோமாகத் தெரியும். குரோமை நனைகிற மாதிரி அடிக்கக்கூடாது. தூரத்திலிருந்து பனி படிகிற மாதிரி மெல்லிசாக, இரண்டு மூன்று தடவை. கறுப்பு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் என்று கை போனால் அங்கேயே சாம்பல் விழும்.

முழு கிரில்லில் அடிக்கும் முன், வேண்டாத ஒரு கறுப்பு பிளாஸ்டிக் துண்டில் அடித்துப் பாருங்கள். இரண்டு நாள் கழித்துக் கட்டைவிரலால் தேயுங்கள். ஒரு பாதியில் கிளியர் அடித்து, மறுபாதியோடு ஒப்பிடுங்கள். உங்கள் கேனின் யோக்கியதை அதில் தெரிந்துவிடும்.

ஹார்ட்னர் கலந்த டூ-கே கிளியர் அடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதிலிருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது. துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. அதை பெயிண்டரிடம் விட்டுவிடுங்கள். காலியாகாத கேனை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடாகக்கூடாது என்று கேனிலேயே போட்டிருக்கும். மூடிய காருக்குள் நம் ஊர் சித்திரை வெயில் அதைச் சுலபமாகத் தாண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு கடையில் கன் வைத்து ‘ஒரிஜினல் குரோம் ஸ்பிரே’ அடித்துத் தருகிறார்கள். நிஜமாகவே கண்ணாடி மாதிரி இருக்கிறது. இதுவும் கேன் பெயிண்ட்தானா? (திருச்சி வாசகர்)

பதில்: இல்லை, இது வேறு. ஆனால் இதுவும் குரோம் இல்லை, நிஜ வெள்ளி. பளபளக்கும் அடிப்பூச்சின் மேல் வெள்ளி நைட்ரேட் கரைசலையும், அதை வெள்ளியாக மாற்றும் இன்னொரு கரைசலையும் இரட்டைக் கன்னில் ஒரே நேரத்தில் அடிப்பார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளி படியும். முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பக்கம் வெள்ளி பூசுவதும் இதே வேதிவினையில்தான். கடைசியாக மேலே கிளியர்.

அழகில் குறை சொல்ல முடியாது. பிளாஸ்டிக், மரம் என்று எதிலும் செய்யலாம். ஆனால் வெளியில் நிற்கும் பொருளில் அதன் ஆயுள் முழுக்க அந்தக் கிளியர் கையில்தான் இருக்கிறது. வெயிலில் கிளியர் மஞ்சளடிக்கும். ஒரு சின்னக் கல் தெறித்துக் கிளியர் உடைந்தாலும் அந்த இடத்தில் வெள்ளி கறுத்துப் பரவும். டாஷ்போர்டு, உள்பக்கக் கைப்பிடி, ஷோவுக்கு மட்டும் எடுக்கிற வண்டி ஆகியவற்றுக்கு நல்ல தேர்வு. தினமும் ஹைவேயில் ஓடும் காரின் பம்பருக்குக் கொடுக்க மாட்டேன். கடைக்காரரிடம் புதுசைக் காட்டச் சொல்லாதீர்கள், ஒரு வருடமாவது வெயிலில் ஓடிய வண்டியைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: புல்லட் சைலன்சருக்கு அடிக்கலாமா? மங்கிப்போன ஹெட்லைட் ரிஃப்ளெக்டருக்கு? (மதுரை வாசகர்)

பதில்: சைலன்சருக்கு வேண்டாம், சூட்டில் கருகும். அதற்கென்றே 600 டிகிரி வரை தாங்கும் சிலிகான் வகை பெயிண்ட் இருக்கிறது. சில்வர் நிறம்தான் கிடைக்கும், கண்ணாடி மினுக்கம் வராது. என்ஜினை ஒட்டிய பெண்ட் பைப்பில் குரோம் நீலமடிப்பது சூட்டினால். அதைப் பிளேட்டிங் குறை என்று சண்டை போட வேண்டாம்.

ரிஃப்ளெக்டரில் கட்டாயம் கூடாது. வெளிச்சத்தைக் குறித்த இடத்துக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. பெயிண்ட் அடித்தால் வெளிச்சம் சிதறி, உங்களுக்குச் சாலையும் தெரியாது, எதிரே வருபவருக்குக் கண்ணும் கூசும். புது லைட் வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: பிளேட்டிங் போட்ட பம்பர் ஐந்தே மாதத்தில் உரிந்துவிட்டது. பட்டறைக்காரர் ‘நீங்க வச்சுக்கிட்ட லட்சணம்’ என்கிறார். ஆன்லைனில் வாங்கிய குரோம் கேனும் சாம்பலாகத்தான் வந்தது, ரிட்டர்ன் கிடையாதாம். ஏதாவது செய்ய முடியுமா? (சென்னை வாசகர்)

பதில்: இரண்டுக்குமே வழி இருக்கிறது. பட்டறை விஷயத்தில் முதல் கேள்வி, பில் இருக்கிறதா? இல்லாவிட்டால் ஜிபே ரசீது, வாட்ஸப்பில் ரேட் பேசியது, கொடுக்கும் முன்பும் வாங்கிய பின்பும் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேருங்கள். உரிந்த இடத்தை அருகில் வைத்துப் படம் எடுங்கள். தகடு மாதிரி உரிந்து வந்தால், அடியில் சுத்தம் செய்யாமல் ஏற்றியதன் அடையாளம் அது. கழுவாமல் விட்டதால் குரோம் அப்படி உரியாது; மங்கும், புள்ளி விழும். இன்னொரு பட்டறையில் இதையே எழுதி வாங்க முடிந்தால் உங்கள் கை ஓங்கும். மறுபடி போட்டுத் தருமாறு கெடு வைத்துப் பதிவுத் தபாலில் எழுதுங்கள்.

கேனைப் பொறுத்தவரை, 2020-ஆம் வருட மின்வணிக விதிகள் உங்கள் பக்கம். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக்கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரப் படத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்கு மாற்றிவிடலாம். அதன் பக்கத்திலேயே நீங்கள் அடித்த துண்டின் படத்தையும் வைத்து அனுப்புங்கள்.

எதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதியுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். வழக்கு முடியும்வரை அந்தப் பம்பரை வேறு யாரிடமும் பிளேட்டிங்குக்குக் கொடுத்துவிடாதீர்கள், உங்கள் முக்கியமான சாட்சி அதுதான்.