மஞ்சளாகப் போகிறது, பயப்பட வேண்டுமா?

கேள்வி: வயது 38. சோர்வாக இருக்கிறதே என்று ஆறு மாதமாக மல்டிவைட்டமின் போடுகிறேன். அதோடு முடி கொட்டுவதற்கு பயோட்டின், எலும்புக்கு வைட்டமின் டி, நரம்புக்கு பி காம்ப்ளக்ஸ், எல்லாம் நானாக வாங்கியதுதான். சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகிறது, காலையில் மாத்திரை போட்டதும் குமட்டுகிறது, கொஞ்ச நாளாகப் பாதத்தில் மதமதப்பு வேறு. அதிகமானது சிறுநீரில் போய்விடும் என்கிறார்களே, வைட்டமினால் கெடுதல் வருமா டாக்டர்?

பதில்: மஞ்சளை விடுங்கள். அது ரிபோஃப்ளேவின் என்கிற பி2, அதன் நிறமே அதுதான், உடம்புக்கு வேண்டியது போக மிச்சம் வெளியே வருகிறது. குமட்டலும் பெரும்பாலும் வெறும் வயிற்றில் போடுவதால் வருவதுதான், அதுவும் மாத்திரையில் இரும்பு, துத்தநாகம் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம் (நானும் ஒரு காலத்தில் பல் தேய்த்த கையோடு விழுங்கிவிட்டு அவஸ்தைப்பட்டவன்தான்). சாப்பிட்ட பிறகு போட்டுப் பாருங்கள்.

எனக்குக் கவலை அந்த மதமதப்பில்தான். நரம்புக்கு நல்லது என்று நாம் போடுகிற பி6, அளவு மீறி மாதக்கணக்கில் உள்ளே போனால் நரம்பையே கெடுக்கும், முதலில் தெரிவது கை கால் மதமதப்பும் எரிச்சலும்தான். ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது சுமார் 1.3 மில்லிகிராம், ஆனால் சில மாத்திரைகளில் 50, 100 என்று இருக்கும். அதற்காக இதுதான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள், சர்க்கரை நோயிலும் பி12 குறைவிலும்கூட இப்படி வரும்.

சிறுநீரில் போய்விடும் என்பது பாதி உண்மை. பி வகைகளும் சி-யும் பெரும்பாலும் அப்படிப் போகும், அதுவும் சேதமில்லாமல் போகும் என்று சொல்ல முடியாது, சி ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு, சிலருக்குச் சிறுநீரகக் கல். ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. இவற்றில் ஏ-யும் டி-யும் ஈரலிலும் கொழுப்பிலும் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். டி ரொம்ப ஏறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம் என்று படுத்தும். டாக்டர் சொல்லாமல் தினம் 4,000 யூனிட்டுக்கு மேல் வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போடச் சொன்னதைத் தினமும் போட்டுவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கர்ப்பமாக இருப்பவர்கள் ஏ விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அளவு மீறினால் குழந்தையின் உருவத்தையே பாதிக்கும்.

இப்போது நான்கு டப்பாவையும் மேஜையில் வைத்து, பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்து, எது எவ்வளவு என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டுங்கள். பி6 இரண்டு டப்பாவிலும், டி இரண்டு டப்பாவிலும் இருக்கும், பாருங்கள். பி காம்ப்ளக்ஸ் நீங்களாகத் தொடங்கியதுதானே, அதை இன்றே நிறுத்திவிட்டு, காகிதத்தோடு டாக்டரிடம் போங்கள், சோர்வுக்கும் என்ன காரணம் என்று அவர் பார்க்கட்டும். இரத்தம் எடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினையும் நிறுத்திவிடுங்கள், அது தைராய்டு முடிவையே மாற்றிக் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற ட்ரோபோனின் பரிசோதனையிலும் குழப்பும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-லேயே எச்சரித்திருக்கிறது.