சிபேப் கருவியின் விலையை யார் வைக்கிறார்கள்? – கேள்வி பதில்

தூக்கத்தில் மூச்சு தடைப்படும் ஸ்லீப் அப்னியா நோய்க்கு இரவெல்லாம் மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் தரும் கருவி சிபேப். அதை அமெரிக்காவில் வாங்குவது பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மருத்துவக் கருவிகள் விற்கும் கடையில் காப்பீட்டுக் கணக்கு எழுதும் வேலையை வெகுகாலம் பார்த்தவள். உங்களுக்கு எத்தனை அழுத்தம் வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. உங்கள் பில்லில் எந்தத் தொகை உங்களை ஏமாற்றுகிறது என்பது தெரியும்.

எடிசன், நியூ ஜெர்சி: அக்கா, ஒரே கருவியை ஐந்து இணையக் கடைகளில் தேடினேன். ஐந்திலும் ஒரு டாலர்கூட மாறாமல் அதே விலை. எல்லோரும் கூட்டுச் சேர்ந்து கொள்ளையடிக்கிறார்களா?

கடைக்காரர்கள் கூடிப் பேசி விலை வைத்தால் அது குற்றம், பிடிபட்டால் சிறை. இங்கே நடப்பது வேறு. கருவியைச் செய்யும் நிறுவனம் தன் சரக்கை விற்கும் கடைகளுக்கெல்லாம் ஒரு கடிதம் அனுப்புகிறது: ‘இணையத்தில் இந்த விலைக்குக் கீழே போட்டால் உங்களுக்குச் சரக்கு கிடையாது.’ கடைக்காரரின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை, கையெழுத்தும் வாங்குவதில்லை. சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் அது ஒப்பந்தம். ஒப்பந்தம் இருந்தால்தான் போட்டிச் சட்டம் உள்ளே நுழைய முடியும். தன் விருப்பத்துக்கு ஒத்துவராத வியாபாரிக்கு விற்காமல் இருக்க உற்பத்தியாளருக்கு உரிமை உண்டு என்று 1919இல் கோல்கேட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடிதம் எழுதுகிற வழக்கறிஞர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, விளம்பரம் செய்யும் விலைக்கு மட்டும் வரம்பு வைக்கும். திரையில் காட்டுகிற விலைதான் கட்டுப்பட்டது. தொலைபேசியில் என்ன சொல்கிறார்கள் என்பது கடிதத்துக்கு வெளியே. ‘கூடையில் போட்டால் விலை தெரியும்’, ‘விலை அறிய அழைக்கவும்’ என்றெல்லாம் எழுதியிருப்பது அதனால்தான். இரண்டாவது வகை, விற்கும் விலையையே கட்டிப்போடும். அங்கே தொலைபேசியில் கெஞ்சினாலும் பயனில்லை.

எம்.ஆர்.பி. பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது முதலில் பிடிபடாது. இந்தியாவில் பெட்டியில் அச்சிட்டிருப்பது உச்சவரம்பு. அதற்கு மேல் விற்றால் கடைக்காரர் மாட்டிக்கொள்வார். இங்கே நீங்கள் ஒருபோதும் பார்க்க முடியாத ஒரு கடிதத்தில் இருப்பது கீழ்வரம்பு. குறைத்து விற்றவருக்குத்தான் தண்டனை.

ஆகவே விலை ஒன்றாக இருந்தால், விலை அல்லாதவற்றைப் பாருங்கள். எந்தக் கடை மாஸ்க் சேர்த்துத் தருகிறது, மாஸ்க் பொருந்தாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்கிறது, அடுத்த முறை குஷன் (மாஸ்க்கில் முகத்தில் படியும் மெத்தைப் பகுதி) வாங்கத் தள்ளுபடிச் சீட்டு தருகிறது? கடைகளுக்குள் உண்மையான போட்டி அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

சிகாகோ: எந்த இணையதளத்தில் மலிவு?

மேலே உள்ள பதில்.

சான் ஹோசே: காப்பீடு இருக்கிறது. ஆனால் டிடக்டிபிள் 3,000 டாலர். காப்பீட்டில் வாங்குவதா, கைக்காசு போட்டு வாங்குவதா?

அருமையான கேள்வி. இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு பில்லோடு அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டிடக்டிபிள், அதாவது ஒவ்வோர் ஆண்டும் முதலில் நீங்களே கட்ட வேண்டிய தொகை, நிரம்பும்வரை காப்பீட்டு நிறுவனம் ஒரு காசும் தராது. ஆனால் அது கடையோடு பேசி வைத்த விலையில் நீங்கள் கட்ட வேண்டும். அந்த விலை இணையத்தின் ரொக்க விலையைவிடக் கூடுதலாக இருப்பது சர்வசாதாரணம். போதாதற்கு, பெரும்பாலான திட்டங்கள் கருவியை விற்பதில்லை, வாடகைக்கு விடுகின்றன. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் 13 மாத வாடகை முடிந்த பிறகுதான் கருவி உங்களுடையது. நவம்பரில் வாடகை தொடங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இரண்டு மாதம் கட்டுவீர்கள், ஜனவரி பிறந்ததும் டிடக்டிபிள் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். ஒரே கருவிக்கு இரண்டு ஆண்டுகளின் டிடக்டிபிள்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. மெடிகேர் விதிப்படி முதல் மூன்று மாதத்துக்குள் தொடர்ச்சியான ஏதாவது 30 நாளில், 70 விழுக்காடு இரவுகளாவது, இரவுக்கு 4 மணி நேரமாவது கருவியைப் போட்டிருக்க வேண்டும். கருவியில் இருக்கும் மோடம் உங்களைப் பற்றித் தினமும் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். தனியார் நிறுவனங்கள் பலவும் இதே விதியைப் பின்பற்றுகின்றன. தவறினால் வாடகை உங்கள் தலையில்.

கடையைக் கூப்பிட்டு மூன்றே கேள்வி கேளுங்கள்: மாத வாடகை எவ்வளவு, எத்தனை மாதம், இதே கருவிக்கு ரொக்க விலை என்ன? மூன்றாவது கேள்விக்கு எதிர்முனையில் ஒரு மௌனம் விழும். காத்திருங்கள். ரொக்கமே மலிவு என்றால், மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் சேமிக்கும் எச்.எஸ்.ஏ. கணக்கிலிருந்து கட்டலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வெளியே ரொக்கமாகக் கட்டியது பெரும்பாலும் டிடக்டிபிள் கணக்கில் சேராது. இந்த ஆண்டு அறுவைச் சிகிச்சை, பிரசவம் என்று பெரிய செலவு காத்திருந்தால் கணக்கு தலைகீழாக மாறும்.

ஆஸ்டின்: கடையில் கொடுத்த கருவியில் எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்பது மட்டும்தான் தெரிகிறது. நண்பருடைய கருவி அதே போல இருக்கிறது. அதில் எத்தனை முறை மூச்சு நின்றது என்பதுகூட வருகிறது. ஏன்?

ரெஸ்மெட் நிறுவனத்தின் ஏர்சென்ஸ் 10 வரிசையில் ஒரே உருவத்தில் மூன்று கருவிகள் உண்டு. வெறும் ‘சிபேப்’ ஒரே அழுத்தத்தில் ஓடும், உபயோகித்த நேரத்தை மட்டும் பதியும். ‘எலீட்’ ஒரே அழுத்தத்தில் ஓடும், ஆனால் முழு விவரமும் பதியும். ‘ஆட்டோசெட்’ தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும், எல்லாவற்றையும் பதியும். மேல்மூடியில் பொடி எழுத்தில் இருக்கும் பெயரைப் பாருங்கள். உங்களுடையதில் வெறும் ‘சிபேப்’ என்று இருக்கும் என்பது என் ஊகம்.

ஏன் அதைக் கொடுத்தார்கள்? காப்பீட்டுக்கு அனுப்பும் பில்லில் மூன்றுக்கும் ஒரே குறியீடுதான்: இ 0601. எதைக் கொடுத்தாலும் கடைக்கு வரும் தொகை ஒன்றே. கடை வாங்கும் விலை மட்டும் வேறு. மீதியை நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். இதற்கு மருந்து, மருத்துவர் சீட்டில் மாடல் பெயரையே எழுதச் சொல்வது. ‘ஆட்டோசெட், மாற்றுக் கருவி தரக்கூடாது’ என்று அவர் எழுதிவிட்டால் கடை அதைத்தான் தர வேண்டும்.

ரலே: பக்கத்துத் தெருவில் ஒருவர் 150 டாலருக்குப் பழைய கருவி விற்கிறார். வாங்கலாமா?

வரிசை எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் பல லட்சம் கருவிகளைத் திரும்பப் பெற்றது. உள்ளே சத்தத்தை அடக்க வைத்த நுரைப்பஞ்சு பொடிந்து, துகளும் வாயுவும் மூச்சுக்குழாய்க்குள் போகலாம் என்பது காரணம். 2024 ஜனவரியில், அமெரிக்காவில் புதிய ஸ்லீப் அப்னியா கருவி விற்பனையையே நிறுத்துவதாக அது அறிவித்தது. பரணில் கிடக்கும் பிலிப்ஸின் பழைய ட்ரீம்ஸ்டேஷன் கருவிகள்தான் இப்போது 150 டாலருக்கு வெளியே வருகின்றன. இன்னொன்று, வாடகை முடியாத கருவி கடைக்குச் சொந்தம். விற்கிறவருக்கே அது சொந்தமில்லாமல் இருக்கலாம்.

டாலஸ்: அம்மா, நான் இங்கே கருவிக் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்வது ஒருதலைப்பட்சம். என் கடைக்கு வருகிறவர் ஐந்தாறு மாஸ்க்கை மாட்டிப் பார்க்கிறார். என் சம்பளத்தில் இருக்கும் சுவாச சிகிச்சையாளர் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருகிறார். பிறகு ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று போய், அதே மாஸ்க்கை இணையத்தில் வாங்குகிறார். கீழ்வரம்பு இல்லாவிட்டால் நான் கடையை மூட வேண்டியதுதான்.

ஐயா, வாருங்கள். உங்கள் வாதம் உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயித்த வாதம். டாலஸுக்கு வடக்கே லூயிஸ்வில்லில் ஒரு கடை, பிரைட்டன் என்ற தோல் பொருட்களை 20 விழுக்காடு தள்ளுபடியில் விற்றது. லீஜின் என்ற அந்த உற்பத்தியாளர் சரக்கை நிறுத்தினார். கடை வழக்குப் போட்டது. 2007இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உற்பத்தியாளர் பக்கம் தீர்ப்பு வந்தது. குறைந்தபட்ச விற்பனை விலை வைப்பது எப்போதுமே சட்டவிரோதம் என்று 1911 முதல் இருந்த விதி அன்றோடு போயிற்று. அந்த 1911 வழக்கில் விலை வைத்தவர் மருந்து விற்ற டாக்டர் மைல்ஸ் நிறுவனம் என்பதையும் சொல்லி வைக்கிறேன். ஒருவர் செலவு செய்து சேவை தர, இன்னொருவர் அந்தச் சேவையின் பலனை இலவசமாக அனுபவிக்கிறார் என்று 2007 தீர்ப்பில் நீதிபதி கென்னடி எழுதியதும் நீங்கள் சொல்வதும் ஒன்றே.

மாஸ்க் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கருவி விஷயத்தில் இல்லை. காப்பீட்டோடு வருகிறவருக்கு நீங்கள் செய்யும் சேவைக்குக் காப்பீட்டுத் தொகை வருகிறது. காப்பீடே இல்லாத டாக்ஸி ஓட்டுநர் உங்கள் வாசற்படியை மிதித்ததே இல்லை. அவர் இணையத்தில் கூடுதலாகக் கட்டுகிற நூறு டாலரில் உங்கள் சிகிச்சையாளருக்கு எவ்வளவு போகிறது? ஒன்றுமில்லை. அது அந்த இணையக் கடைக்குப் போகிறது.

டாலஸ்: காப்பீட்டுத் தொகை வருகிறதா? 2011இல் மெடிகேர், குறைந்த விலை கேட்கும் கடைகளுக்கே வாய்ப்பு என்று போட்டி ஏலத்தைத் தொடங்கியது முதல் எவ்வளவு குறைத்தார்கள் என்று கணக்கு எழுதிய உங்களுக்குத் தெரியாதா? உங்கள் சம்பளமும் என்னைப் போன்ற ஒரு கடையிலிருந்துதானே வந்தது?

தெரியும். ஏலத்துக்குப் பிறகு சிறிய கடைகள் வரிசையாக மூடியதைக் கண்ணால் பார்த்தேன். சம்பளம் கடையிலிருந்துதான் வந்தது. அதனால்தான் சொல்கிறேன்: மெடிகேர் குறைத்ததைக் காப்பீடில்லாதவரிடம் வசூலிப்பது என்ன நியாயம்? உற்பத்தியாளருக்கு உங்கள் மேல் அக்கறை என்றால் உங்களுக்கு விற்கும் மொத்த விலையைக் குறைக்கலாமே. அதற்கு ஏன் கடிதம் வருவதில்லை?

பால்டிமோர்: குறைந்தபட்ச விற்பனை விலை வைப்பது மேரிலாந்தில் தடைசெய்யப்பட்டது என்று படித்தேன். அப்படியானால் எனக்கு மலிவாகக் கிடைக்க வேண்டுமே?

லீஜின் தீர்ப்புக்குப் பதிலடியாக 2009இல் மேரிலாந்து சட்டம் கொண்டுவந்தது உண்மை. ஆனால் அது தடுப்பது ஒப்பந்தத்தை. ‘நான் அறிவித்தேன், அவர் கேட்டார், ஒப்பந்தம் எங்கே?’ என்பது உற்பத்தியாளரின் பதில். விளம்பர விலைக் கட்டுப்பாடோ அந்தச் சட்டத்தின் வாயில் சிக்குவதே கடினம். கான்டாக்ட் லென்ஸ் நிறுவனங்கள் இதே உத்தியைக் கையாண்டபோது யூட்டா மாநிலம் 2015இல் லென்ஸுக்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது.

கோயம்புத்தூர்: இந்தியாவில் இப்படிச் செய்ய முடியுமா?

போட்டிச் சட்டத்தின் 3(4)ஆம் பிரிவு, போட்டியைக் கெடுக்கும் மறுவிற்பனை விலைக் கட்டுப்பாட்டைத் தடுக்கிறது. டீலர்கள் கூடுதல் தள்ளுபடி தரக்கூடாது என்று கட்டுப்படுத்தியதற்காக 2021இல் மாருதிக்குப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது.

டாலஸ்: கார் வேறு, மருத்துவக் கருவி வேறு.

ஆமாம், கார் இல்லாமல் தூங்கலாம். ஐயா, அடுத்தவர்கள் காத்திருக்கிறார்கள்.

சியாட்டில்: எந்த இணையதளம் மலிவு என்று ஒரு பெயர் மட்டும் சொல்லுங்கள்.

சொல்லமாட்டேன். திரையில் ஒரே விலைதான் என்று இவ்வளவு நேரம் எதற்காக எழுதினேன்?

ஹூஸ்டன்: மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்க வழி உண்டா?

கருவிக்கும் முழு மாஸ்க்குக்கும் சீட்டு வேண்டும். குழாய், ஃபில்டர் போன்றவற்றுக்கு வேண்டியதில்லை. சட்டகம், குஷன், தலைப்பட்டை என்று மாஸ்க்கைத் துண்டு துண்டாக, சீட்டில்லாமல் விற்கும் கடைகள் உண்டு. சீட்டே கேட்காமல் கருவி அனுப்புகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். அப்படி வந்தாலும், பெட்டியைப் பிரித்ததும் வரிசை எண்ணைப் பாருங்கள்.

பாஸ்டன்: மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு இங்கிருந்து வாங்கிப் போகலாமா? 220 வோல்ட்டில் ஓடுமா?

ஓடும். மின்செருகியை மாற்றினால் போதும். ரெஸ்மெட்டின் மின்வழங்கி 100 முதல் 240 வோல்ட்வரை தாங்கும். சிக்கல் பழுதுபார்ப்பில்தான். அமெரிக்க உத்தரவாதத்தை மதுரையில் யாரும் ஏற்கமாட்டார்கள். அம்மாவுக்கு அங்கேயே பரிசோதனை செய்து, அங்கேயே வாங்கி, அங்கேயே மாஸ்க் பொருத்துங்கள். நீங்கள் போகும்போது குஷன் வாங்கிப் போங்கள்.

ஸ்கார்பரோ: அக்கா, நாங்கள் ஒன்ராறியோ. எங்களுக்கும் இந்தக் கதைதானா?

இல்லை. உங்கள் மாகாண அரசின் துணைக்கருவித் திட்டம் கருவிக்கு ஒரு விலையை நிர்ணயித்து, அதில் 75 விழுக்காட்டைத் தருகிறது. ஆனால் பதிவுபெற்ற விற்பனையாளரிடம் வாங்க வேண்டும். அமெரிக்க இணையக் கடையில் வாங்கினால் அந்தப் பணம் போயிற்று.

ஃபீனிக்ஸ்: எனக்கு 12 அழுத்தம் போதுமா?

மருத்துவரைக் கேளுங்கள்.

அட்லாண்டா: கருவியைச் சுத்தம் செய்ய ஓசோன் பெட்டி ஒன்று 300 டாலருக்கு விற்கிறார்கள். அவசியமா? அப்படியே மலிவான இணையதளமும்…

இரண்டாவது பாதியைப் படிக்கவில்லை. ஓசோன் பெட்டி வேண்டாம். ஓசோன் கசிந்தால் நுரையீரலை எரிச்சலூட்டும் என்று 2020 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. வாசனையில்லாத சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். குழாயைக் குளியலறைக் கம்பியில் மடித்துத் தொங்கவிட்டால் காலைக்குள் காய்ந்துவிடும். அந்த 300 டாலரில் ஓராண்டுக்கு ஃபில்டரும் சில குஷன்களும் வாங்கலாம். அவற்றுக்குத் திரையில் ஆளுக்கொரு விலை இருக்கும். அங்கே தேடுங்கள், மிச்சம் பிடிக்கலாம்.