பெட்டியில் 'கிகாபிட்', உள்ளே 100

கே: வீட்டு ஃபைபர் இணைப்பு 300 எம்பிபிஎஸ். ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளை ஏற்றி ரவுட்டராக வைத்திருக்கிறேன். இரண்டாவது போர்ட்டுக்காக ஆன்லைனில் யுஎஸ்பி லேன் அடாப்டர் வாங்கினேன். 'கிகாபிட், யுஎஸ்பி 3.0' என்று போட்டிருந்தது. வேகம் 94-க்கு மேல் ஏறவில்லை. பையில் கோளாறா?

ப: பை மேல் பழி போடாதீர்கள். அதன் சொந்த லேன் போர்ட் நிஜ கிகாபிட். 94-இல் நிற்கிறது என்றால் நடுவில் எங்கோ 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறது. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு கம்பி அறுந்தாலும் இப்படி ஆகும். அப்புறம், செருகியிருக்கும் யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளையைப் பையில் கொடுங்கள். ரியல்டெக் சிப் என்றால் அடையாள எண் 8153-இல் முடிய வேண்டும், அதுதான் கிகாபிட். 8152 என்று வந்தால் அது 100 எம்பிபிஎஸ் சிப், ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள்.

இதே பொருளை ஒரு கடையில் என் தலையிலும் கட்டினார்கள். நீல பிளாஸ்டிக் முனை, பளபளப்பான பெட்டி, உள்ளே 8152. திருப்பிக் கொண்டுபோனால் "பெட்டி பிரிச்சாச்சே சார்" என்றார்கள். பிரிக்காமல் எப்படிச் சோதிப்பது? சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்பது உங்கள் உரிமை. விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், அந்தக் கட்டளை காட்டிய எண் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமே கிடையாது. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். சின்னத் தொகைதானே என்று நாம் விட்டுவிடுவதால்தான் அந்தப் பெட்டிகள் இன்னும் விற்கின்றன. விடாதீர்கள்.

கே: ராஸ்பெர்ரி பையின் பழைய மாடல் 3பி பிளஸ் மலிவாகக் கிடைக்கிறது. அதிலும் கிகாபிட் போர்ட் என்கிறார்கள். 500 எம்பிபிஎஸ் இணைப்புக்கு வாங்கலாமா?

ப: வேண்டாம். அந்தப் போர்ட் யுஎஸ்பி 2.0 வழியாக ஓடுகிறது, 300-ஐத் தாண்டாது.

கே: பை 5-ஐப் பழைய போன் சார்ஜரில் ஓட்டுகிறேன். அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது. மாற்றித் தருவார்களா?

ப: எதற்காக மாற்றித் தர வேண்டும்? 5 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் வேண்டும் என்று தயாரிப்பாளரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அதை வாங்கிப் போடுங்கள். அதற்குப் பிறகும் ரீஸ்டார்ட் ஆனால் எழுதுங்கள்.

கே: வீட்டு நெட்வொர்க்கில் விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல் மென்பொருளை வைத்தால் மகன் யூடியூபில் எந்த வீடியோ பார்க்கிறான் என்று தெரியுமா?

ப: தெரியாது. யூடியூபுக்குப் போனான் என்பது வரைதான். தளத்தின் பெயரைக் கேட்டு முகவரி வாங்கும் டிஎன்எஸ் கேள்விகளைத்தான் அது பார்க்கிறது; பிரவுசரில் அவற்றை மறைத்து அனுப்பும் மறையாக்க டிஎன்எஸ் போட்டிருந்தால் அதுவும் இல்லை. 'எல்லாம் தெரியும்' என்று சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள்.